தார்ப்பாய்க்குக் கீழே விழுந்த புள்ளிகள்

திருமுடிவாக்கத்தில் இரும்புச் சாமான்களுக்கு வரைபடம் போடுவது என் வேலை. அரை மில்லிமீட்டர் தப்பினாலும் எனக்குக் கோபம் வரும். எங்கள் குடியிருப்பில் ஆறு பேர் கடற்கரைக் குப்பையைக் கணக்கெடுக்கக் கிளம்பியபோது, மேப் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்ததும் அதனால்தான். இலவசமாகக் கிடைக்கிற மென்பொருள். குப்பை கிடக்கும் இடத்தில் நின்று, என்ன குப்பை என்று போனில் பதிந்தால் மேப்பில் அங்கே ஒரு புள்ளி விழும். புள்ளிகள் கூடக் கூட அந்த இடம் சிவக்கும்.

ஞாயிறுதோறும் பீர்க்கன்கரணையிலிருந்து பைக்கில் போவோம். வெயில் ஏறிவிட்டால் மணலில் போன் திரை தெரியாது. அதனால் பொறுக்கியதைச் சாக்கில் தூக்கிக்கொண்டு, தள்ளுவண்டியில் மீன் வறுவல் விற்கும் அக்காவின் தார்ப்பாய் நிழலுக்கு வந்துவிடுவோம். அங்கேதான் கொட்டிப் பிரிப்போம், அங்கேயே பதிவோம். அந்த அக்கா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுப்பார். நாங்கள் கிளம்பியதும் பெருக்கிவிடுவார்.

மூன்று மாதப் பதிவைக் கணினியில் ஏற்றினேன். கடற்கரை முழுக்க வெளிறிக் கிடக்க, ஓர் இடம் மட்டும் ரத்தச் சிவப்பு. எனக்கு ஒரே பெருமை. யோசிக்கவே இல்லை, அன்றைக்கே உள்ளூர் அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தேன். எந்த மனுவுக்கும் அசையாத ஆட்கள் இதற்கு மட்டும் பத்தே நாளில் அசைந்தார்கள். அடுத்த முறை போனபோது தார்ப்பாயும் இல்லை, வண்டியும் இல்லை.

"இங்கதான் குப்ப ஜாஸ்தின்னு எவனோ மேப் போட்டுக் குடுத்துட்டானாம். வண்டிய தூக்கினு பூட்டாங்க சார்" என்றார் பக்கத்து இளநீர்க்காரர்.

போன் குறித்துக்கொள்வது குப்பை கிடந்த இடத்தை அல்ல, நாங்கள் நின்று பதிந்த இடத்தை; பதிந்ததெல்லாம் அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பார்களே, அதை நான் கலர் போட்டுச் செய்திருந்தேன்.

யார் எந்தப் பக்கம் பொறுக்கினோம் என்று ஆறு பேரும் உட்கார்ந்து நினைவுபடுத்தி, புள்ளிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினோம். சிவப்பெல்லாம் சாக்கடை கடலில் விழும் இடத்துக்குப் போனது. அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன். அதிகாரி மேப்பைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆக்‌ஷன் எடுத்து முடிச்சாச்சு சார். திரும்ப ஃபைல் ஓபன் பண்ண முடியாது."

அக்காவைத் தேடிப் போனேன். மார்க்கெட்டில் யாரோ ஒருவருடைய கடையில் கூலிக்கு மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். அந்த மேப்பைக் கொடுத்தது நான்தான் என்று சொன்னேன். திருத்தியதைப் போனில் காட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"என் எடம் எது சார்?"

தொட்டுக் காட்டினேன். அங்கே ஒரு புள்ளிகூட இல்லை.

"இப்போ சுத்தமா கீதா?"

"எப்பவுமே சுத்தமாத்தான்க்கா இருந்துச்சு. தப்பு என்னோடது."

அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"வாரா வாரம் அங்கதான சார் குந்தினு இருந்தீங்க. கண்ணால பாக்கலியா?"