இடது கைப் பெருவிரல்

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். யார் காலையும் பிடித்து நம்பச் சொல்லும் வயது எனக்கு இல்லை. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பாதி ஆயுளை லாரி ஸ்டியரிங்கில் கழித்தவன். ராத்திரி ரோட்டில் பேயைப் பார்த்தேன், பிசாசைப் பார்த்தேன் என்று மற்ற டிரைவர்கள் அளக்கும்போது, "எந்தக் கடையில குடிச்சே?" என்று கேட்ட ஆள். பேயை நான் நம்பியதில்லை. மனுஷனையும் நம்பியதில்லை.

ஆனால் இது நடந்தது. எனக்கே நடந்தது.

மருமகன் போய்ச் சேர்ந்த பிறகு மகளும் இரண்டு பேத்திகளும் வாடகை வீட்டில் இருந்தார்கள். நான் முன் அறையில் கட்டில் போட்டுக் காவல். வீட்டுக்காரர் ஒருநாள் வந்து, "வருஷக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மகள் பேரில் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தேன். அதில் எப்படியாவது ஒரு வீட்டை எழுப்பிவிட வேண்டும். ஒரு மாதம் தள்ளிப் போனாலும் மூன்று பெண்கள் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

இஞ்சினியர் என்று ஒரு சின்ன வயசுக்காரர். அவர் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, "மண்ணைப் பரிசோதனை பண்ணாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். முன்னாடி ஒரு துளை, பின்னாடி ஒரு துளை. ரெண்டு இடத்துலயும் மண்ணு எடுத்து லேபுக்கு அனுப்புங்க" என்றார்.

"மண்ணுல என்னய்யா பரிசோதனை? மண்ணு மண்ணுதானே?"

"வீடு சாஞ்சா என்னைத்தானே தேடுவீங்க?"

அங்கே பிடித்தது சனி.

துளை போடும் காண்டிராக்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறேன். போன் போட்டால் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் "இதோ கிளம்பிட்டோம்" என்பார்கள். எங்கே கிளம்பினார்கள் என்பது அவர்களைப் பெற்றவளுக்கே தெரியாது. வந்தால் கயிறு இருக்காது. கயிறு இருந்தால் டீசல் இருக்காது. இரண்டும் இருந்தால் ஆள் இருக்க மாட்டான்.

முதலில் வந்தவருக்கு நான் வைத்த பேர் சிரிப்பு. எதைக் கேட்டாலும் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பார். முன்பக்கத்துத் துளையை ஒழுங்காகத்தான் போட்டார். பின்பக்கம் போனதும் நின்றுவிட்டார். மனையைப் பார்த்தார். பக்கத்துச் சுவரைப் பார்த்தார். அன்றைக்குத்தான் முதல் தடவை அவர் பல் தெரியவில்லை.

"பின்னாடி வேணாம் பெரியவரே. முன்னாடியே கட்டிக்கங்க."

"ஒரு ரூம் கொறையும்யா. ஏன் வேணாம்?"

"வேணாம்னா விடுங்களேன்."

எனக்கு விளங்கிவிட்டது. ஒரே துளை மண்ணை இரண்டு பெட்டியில் பிரித்துப் போட்டு இரண்டு துளை என்று காட்டுகிற கூட்டம் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். "உன் தில்லுமுல்லை வேற எவன்கிட்டயாவது வச்சுக்க" என்று தெருமுனை வரைக்கும் கத்திக்கொண்டே போய் அனுப்பினேன்.  துளை போடும் இரும்பு முக்காலியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஆளைப் பிடிக்க மூன்று வாரம் ஆனது. இவருக்கு மீசை மட்டும் தனியாக ஒரு கிலோ இருக்கும். இரும்பு முக்காலியை நட்டு, கயிறு சுற்றி இழுக்கும் வின்ச்சை மாட்டி, பின்பக்கம் வேலையை ஆரம்பித்தார். நான் நாற்காலியைப் போட்டுக் குடையைப் பிடித்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்தேன்.

"ஐயா வீட்டுக்குப் போய் ஓய்வா இருக்கலாமே?"

"நான் போனதும் நீ ஓய்வா இருப்பே. வேலையைப் பாரு."

வேலை இதுதான். துளைக்குள் ஒரு இரும்புக் குழாயை இறக்கி, மண்ணுக்குள் அழுத்தி, கலையாமல் அப்படியே மேலே எடுக்க வேண்டும். எடுத்த கையோடு இரண்டு பக்கமும் மெழுகை உருக்கி ஊற்றி மூட வேண்டும். உள்ளே இருக்கும் மண்ணில் காற்றுகூடப் படக்கூடாது. மெழுகை நானே ஊற்றினேன். குழாயை நானே சாக்கில் சுற்றினேன். பஸ்ஸில் என் மடியிலேயே வைத்துக்கொண்டு லேபுக்குப் போனேன். பக்கத்து சீட்டுக்காரி குண்டு என்று நினைத்து எழுந்து போய்விட்டாள்.

லேபில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. குழாயை ஜாக்கியில் மாட்டி மண்ணை வெளியே தள்ளினார். உருளையாக, கன்றுக்குட்டித் தொடை மாதிரி வந்தது களிமண். கம்பியால் அறுத்தார். நடுவில் கையால் இரண்டாகப் பிளந்தார்.

என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கையை வச்சது யாரு?"

பிளந்த இடத்தில் ஒரு குழிவு. பெருவிரலை வைத்து அழுத்தின மாதிரி. மாதிரி என்ன... பெருவிரலேதான். ரேகைகூடத் தெரிந்தது.

"மண்ணு கெட்டியா இருக்கான்னு விரலால அழுத்திப் பார்ப்பாங்க, ஐயா. ஆனா அதை இந்தக் குழாய்ல பண்ணக்கூடாது. இது செல்லாது. வேற எடுத்துட்டு வாங்க."

"அம்மா, இது நடு மண்ணு. நடுவுல எப்படிம்மா விரலை விடுவான்?"

"அதை உங்க காண்டிராக்டர்கிட்ட கேளுங்க."

கேட்டேன். பிளந்த மண்ணைக் கொண்டுபோய்க் காட்டிக் கேட்ட கேள்வியில் தெருவே கூடிவிட்டது. மீசை கோபப்படவில்லை. தன் பெருவிரலை என் மூக்குக்கு நேராக நீட்டினார். வாழைக்காய் அளவு இருந்தது.

"இது அந்தக் குழிவுக்குள்ள போகுமா, சொல்லுங்க."

போகாதுதான்.

முதல் குழாய் எடுத்தது நாலரை மீட்டர் ஆழத்தில். "அந்த மண்ணு ரொம்ப மெத்துன்னு இருக்கு. கொஞ்சம் மேல எடுத்துப் பாருங்க" என்று லேப் அம்மா சொல்லியிருந்தார். பக்கத்திலேயே இன்னொரு துளை. மூன்று மீட்டர். இந்தத் தடவை நான் நாற்காலியில் உட்காரவில்லை. துளைக்கு மேலேயே குனிந்து நின்றேன்.

குழாயைத் தூக்கும்போது வின்ச் திணறியது. கயிறு விறைத்தது. முக்காலி முனகியது. மீசையும் இரண்டு ஆட்களும் சேர்ந்து இழுத்தார்கள். அசையவில்லை. பிறகு சட்டென்று... கயிறு தளர்ந்து குழாய் துள்ளிக்கொண்டு வந்தது.

பிடித்திருந்த எதுவோ விட்டுவிட்ட மாதிரி.

"களிமண்ணு இழுக்கும் ஐயா" என்றார் மீசை. ஆனால் துளைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

மெழுகு நான். சாக்கு நான். மடி என் மடி.

லேபில் பிளந்தார்கள். அதே குழிவு. அதே விரல். இந்தத் தடவை அந்த அம்மா திட்டவில்லை. விளக்கைக் கிட்டே இழுத்து வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இடது கை ஐயா. ரேகைக்கு நடுவுல சாய்வா ஒரு வெட்டு இருக்கு பாருங்க. போன தடவையும் இருந்துச்சு." என் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். தன் கையையும் பார்த்துக்கொண்டார். "இன்னும் ஒண்ணு எடுத்துட்டு வாங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நாள் ஓடுகிறது. வீட்டுக்காரர் வாசலில் வந்து வந்து இருமிவிட்டுப் போகிறார். இவர்களோ விரலை வைத்து விளையாடுகிறார்கள். யாரோ என்னை வைத்துக் கூத்தடிக்கிறார்கள் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

மூன்றாவது துளை ஒன்றரை மீட்டர். மீசை வர மறுத்தார். கெஞ்சி, மிரட்டி, கடைசியில் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். குழாய் கையில் வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. லேப் பூட்டியாகிவிட்டது. "எங்க ஷெட்டுல வச்சுட்டு காலைல கொடுக்கறேன்" என்றார் மீசை.

அவரிடம் விட்டு வைப்பேனா? வீட்டுக்கே கொண்டு வந்தேன். என் கட்டிலுக்கு அடியில் நிமிர்த்தி வைத்தேன்.

ராத்திரி...

டொக்.

விழித்தேன். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பத்து.

எலி என்று நினைத்தேன். புரண்டு படுத்தேன்.

டொக்... டொக்...

சத்தம் கட்டிலுக்கு அடியில். இரும்புக்குள் இருந்து வந்தது.

டார்ச்சை எடுத்துக் குனிந்தேன். குழாய் வைத்த இடத்தில்தான் நின்றது. மேல் மெழுகு நான் ஊற்றியபடியே வழவழவென்று தட்டையாக இருந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மெழுகின் நடுவில் ஒரு சின்ன மேடு எழும்பியது.

மெல்ல... மெல்ல... உள்ளே இருந்து.

நின்றது.

பக்கத்தில் இன்னொரு மேடு.

அழுத்திப் பார்க்கிறது... கெட்டியாக இருக்கிறதா என்று.



டப்.

மெழுகு தெறித்து விழுந்தது.

காலைக் கட்டில்மேல் இழுத்துக்கொண்டேன். டார்ச்சை அணைக்கவில்லை. அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம்.

சளக்... சளக்...

மகள் எழுந்துவிட்டாள் போல என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் மூச்சே வந்தது. மணி மூன்று.

விடிந்ததும் மகளின் சத்தம் கேட்டது.

"ஏம்ப்பா, வாளித் தண்ணியிலயா கையைக் கழுவுவீங்க? அடியெல்லாம் களிமண்ணு! மொண்டு ஊத்திக் கழுவினா என்ன, கை தேஞ்சிடுமா?"

 கட்டிலுக்கு அடியில் கிடந்த மெழுகு வில்லையை எடுத்துத் திருப்பினேன். உள்பக்கத்தில் ரேகை. நடுவில் சாய்வாக ஒரு வெட்டு.

அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராக சிரிப்பு வீட்டுக்குப் போனேன். வாசலில் வண்டிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். வில்லையை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

பார்த்த மனுஷன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என் மச்சான்" என்றார்.

எங்களுக்கு முன்னால் அந்த மனையை வைத்திருந்தவர் கட்டலாம் என்று இவர்களைக் கூப்பிட்டாராம். அப்போது துளை கிடையாது, குழிதான். மச்சான்தான் உள்ளே இறங்கிக் குழிச் சுவர் மண்ணைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பாராம். வலது கையில் மண்ணைக் குத்தும் கம்பி இருக்கும், அதனால் இடது விரல். மண் தூக்கும் வின்ச் கயிறு அறுத்த தழும்பு அந்த விரலில்தான். பின்பக்கத்துக் குழியில் இறங்கினார். சுவர் சரிந்தது.

"உடம்பு அங்கயேவா கிடக்கு?"

"இல்ல பெரியவரே. ஒரு மணி நேரத்துல எடுத்துட்டோம். நானே கொள்ளி வச்சேன். அங்க ஒண்ணுமே இல்ல."

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சா என்னய்யா?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டேன். 

"இந்த ரேகை முதல்ல நாலரை மீட்டர் மண்ணுல இருந்துச்சு" என்றேன். "அப்புறம் மூணு. நேத்து ஒன்றரை."

அவர் முகம் வெளுத்தது.

"நாலரையா? அந்தக் குழி ரெண்டு மீட்டர்கூட இல்லையே... ஆனா அவரு வழக்கம் அதுதான். அடியில ஆரம்பிச்சு அழுத்திக்கிட்டே மேல ஏறுவாரு."

"மேல வந்து?"

"கையைக் கழுவுவாரு. எவ்வளவு கழுவினாலும் அந்த விரல்ல மண்ணு ஒட்டிக்கிட்டேதான் இருக்கும்."

எனக்கு வாளி ஞாபகம் வந்தது.

"கழுவிட்டு?"

"கூலியாளுங்க காதுல விழக்கூடாதுன்னு, மனை யாரு பேருல இருக்கோ அவங்க காதோரம் கையை வச்சு ரகசியமா சொல்லுவாரு. கட்டலாமா வேணாமான்னு."

மனை மகள் பேரில்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினேன். இந்த வயசில் அப்படி ஓடியதில்லை. மணி பன்னிரண்டே கால். கதவு திறந்து கிடந்தது. மகள் தரையில் உட்கார்ந்து தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். இப்போதுதான் தூங்கி எழுந்த முகம்.

"அப்பா, பின்னாடி வேணாம்ப்பா" என்றாள். "முன்னாடியே கட்டிக்கலாம். ஒரு ரூம் கொறஞ்சா கொறஞ்சிட்டுப் போவுது."

"யாரு... யாரு சொன்னது?"

"நீங்கதானே? இப்ப கண்ணு அசந்தப்ப, காதுல வந்து சொன்னீங்களே."

"நான் இப்பத்தான் வர்றேன்."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. காதோரம் விழுந்திருந்த முடியைக் கையால் ஒதுக்கினாள்.

காது மடலுக்குப் பக்கத்தில், கன்னத்தில்... காய்ந்த களிமண்.

ஒரு பெருவிரல் அகலம். ரேகை ரேகையாக.

நடுவில் சாய்வாக ஒரு வெட்டு.