நவரத்தினத்தார் நட்ட அலரி

மாலை ஐந்தரை மணியானால் நவரத்தினத்தார் ஒரு கையில் தகரப் பேணியும் மறு கையில் வளைந்துபோன மேசைக்கரண்டியுமாக முற்றத்தில் இறங்குவார். செவ்வரத்தைக்கு ஒரு பேணி தண்ணீர், நந்தியாவட்டைக்கு ஒன்று, மல்லிகைக்கு ஒன்று, பவளமல்லிக்கு ஒன்று. ஊற்றிய கையோடு நாலுக்கும் மண் அணைத்து, செருப்புக் காலால் பதமாக மிதித்துவிடுவார். ஐந்தாவது செடி மதிலோரம் நின்றது. அதன்முன் குந்தியிருந்து, அடிமண்ணைக் கரண்டியால் சுற்றிவரக் கிளறி, பிட்டு மாவைப்போல உதிர்த்துவிட்டுத்தான் எழும்புவார்.

அடுத்த வீட்டு டோரின், கொட்டாஞ்சேனையில் பிறந்து வெள்ளவத்தையில் வாழ்க்கைப்பட்டவர். உலக விவகாரங்களை மதிலுக்கு மேலால் கவனிப்பவர்.

"என்னா அண்ணன் இது, டெய்லி இப்படி நோண்டினா எந்த மரந்தான் வேர் பிடிக்கும்?"

"பிடியாமல் இருக்கத்தான் நோண்டுறன், பிள்ளை."

டோரின் சிலுவை போட்டுக்கொள்வார்.

நவரத்தினத்தார் புதுக்கடை நீதிமன்றங்களில் முப்பத்தொரு வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்து இளைப்பாறியவர். சாட்சி தமிழில் இருமினால் அவர் அதைச் சிங்களத்தில் இருமிக் காட்டுவார் என்று சட்டத்தரணிகள் சொல்வார்கள். ஒரு சொல் கூட்டியதில்லை, ஒரு சொல் குறைத்ததில்லை. ஒருமுறை ஒரு கோழித் திருடன் வாய்தவறி உண்மையைச் சொல்லிவிட்டு, "அதை மட்டும் விட்டிடுங்கோ ஐயா, உங்களுக்குப் புண்ணியம்" என்று கெஞ்சினான். நவரத்தினத்தார் உண்மையை மொழிபெயர்த்தார். தொடர்ந்து கெஞ்சலையும் மொழிபெயர்த்தார். திருடனுக்கு ஆறு மாதம்.

அப்படிப்பட்டவருக்கும் மண்ணுக்கும் அதுவரை இருந்த உறவு முழுவதும் சப்பாத்து மூலமாகவே நடந்துவந்தது. பிள்ளைகள் இல்லை. மனைவி தையல்நாயகி தொண்ணூற்றைந்தில் தங்கை மகளின் கலியாணத்துக்கென்று யாழ்ப்பாணம் போனார். கலியாணம் முடிந்தது, பாதை மூடியது, இடப்பெயர்வு அவரை அள்ளிக்கொண்டுபோய் வன்னியில் போட்டது. மூன்று வருடம் கழித்து ஒருவாறு வவுனியாவரை வந்துசேர்ந்து, அங்கே ஒரு முகாமில் இருந்தார். முகாமிலிருந்து கொழும்புக்கு வரப் பாஸ் வேண்டும். பாஸுக்குக் கொழும்பில் நிரந்தர விலாசம் வேண்டும். அந்த விலாசத்தைப் பொலிஸ் வந்து பார்த்து, நல்லது என்று எழுதவேண்டும். வாடகை அறையில் இருந்த நவரத்தினத்தாருக்கு அது விலாசமே ஆகாது என்று சொல்லப்பட்டது. இளைப்பாறியபோது கிடைத்ததையெல்லாம் கொடுத்து, வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அவர் ஒரு விலாசம் வாங்கினார். கூடவே இரண்டு அறை வீடும், பாய் விரிக்கிற அளவில் ஒரு முற்றமும் வந்தன.

முகாமிலிருந்து கடிதம் வந்தது. "வீடு வாங்கினது சந்தோஷம். முத்தத்திலை பூ நிக்குதோ? பூவில்லாத வீட்டிலை நான் கால் வைக்கமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்." கீழே ஐந்து பெயர்கள். ஐந்தாவது, அலரி.

வெள்ளவத்தையில் ஒரு தமிழன் குழி தோண்டுவது அந்த நாட்களில் பூக்களோடு மட்டும் முடிகிற காரியமாக இருக்கவில்லை. எனவே நவரத்தினத்தார் பொலிஸ் நிலையத்துக்கு மூன்று மொழிகளிலும் ஓர் அறிவித்தல் எழுதிக் கொடுத்தார். 'கீழே கையொப்பமிடும் நான், ஐந்து குழிகளை, ஒவ்வொன்றும் ஒரு முழ ஆழத்தில், பூ வளர்க்கும் நோக்கத்துக்காக மட்டும் தோண்டக் கருதியுள்ளேன்.' மேசையில் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். முத்திரை விழுந்த பிரதியை வாசற் கதவில் ஒட்டி, கேற்றை அகலத் திறந்துவைத்து, உச்சிவெயிலில் தோண்டினார். ஒவ்வொரு குழியின் அடியும் வெறுமையாக இருப்பதை ஒழுங்கை முழுவதும் வந்து பார்த்துப் போகலாம். டோரின் இரண்டு தடவை வந்து பார்த்தார்.

நாலு செடிகள் சரியாக வந்தன. ஐந்தாவதற்குத் தெகிவளைப் பக்கம் செடி விற்கிற ஒருவரிடம் போய், யோசிக்க ஒரு கணமும் எடுக்காமல், சிங்களத்தில் 'அரலிய' என்று கேட்டார். அலரி, அரலிய: இரண்டும் அக்காவும் தங்கையும்போல ஒலித்தன. கடைக்காரர் ஒரு மொட்டைத் தடியை எடுத்துக் கொடுத்தார். அது தளிர்த்தபோது மதிலுக்கு மேலால் தீர்ப்பு வந்தது.

"அண்ணன், இது எங்க அலரி? புத்தர் பன்சலையில, சவக்காலையில கல்லறைப் பக்கம் நிக்குமே, அந்த மரம். வீட்டுல யாராச்சும் நடுவாங்களா?"

தமிழ் அலரிக்குச் சிங்களத்தில் கனேரு என்று பெயர். சிங்கள அரலிய வேறு மரம். முப்பத்தொரு வருடத்தில் முதற் பிழை. ஒத்துக்கொண்டால் பழைய வழக்குகள் அத்தனையும் மேன்முறையீட்டுக்குக் கிளம்பிவிடும் என்று பயந்தாரோ என்னவோ, நவரத்தினத்தார் நேரே தடித்த தமிழ் அகராதியிடம் போனார். அகராதி அவரைக் கைவிடவில்லை. அந்த மரத்துக்கும் தமிழில் ஓர் அலரிப் பெயர் இருந்தது: ஈழத்தலரி.

"பாத்தியோ பிள்ளை, இதுவும் அலரிதான்!"

மற்ற நாலு செடிகளுக்கும் மும்மொழிகளில் பெயர்ப்பலகை ஏற்கெனவே நாட்டியிருந்தார். ஐந்தாவதற்கும் அழகாக எழுதி நாட்டினார். அதே வெற்றிக் களிப்போடு மனைவிக்கும் எழுதினார். மறுகடிதம் வந்தது.

"நான் கேட்டது அலரி. நீங்கள் நட்டது சவக்காலை மரம். அகராதியைக் காட்டி என்னை ஏமாத்தேலாது. உங்கடை மொழிபெயர்ப்பாலை கோட்டிலை எத்தினை பேர் சும்மா உள்ளுக்குப் போச்சினமோ, சிவனே! அதை ஒருத்தரும் தொடக்கூடாது. நான் வந்து என்ரை கையாலை பிடுங்கி எறிவன்."

அன்று மாலை தொடங்கியதுதான் கரண்டி வேலை. முகாமில் இரண்டு தரம் காய்ச்சலில் கிடந்து மெலிந்த கை. பிடுங்குகிற நேரம் மரம் அந்தக் கையை மல்லுக்கு இழுக்கக்கூடாது என்பது நவரத்தினத்தாரின் ஏற்பாடு.

இப்படியிருக்கையில் விலாசத்தைப் பார்க்க ஒரு பொலிஸ் சார்ஜன் வந்தார். நல்ல மனுஷர். தேத்தண்ணி குடித்தார், வீட்டு உறுதிப் பத்திரத்தைப் பார்த்தார், அடையாள அட்டையைப் பார்த்தார், எல்லாம் சரி என்று தன் புத்தகத்தில் எழுதினார். போகிற போக்கில் பூக்களைப் பார்த்ததுதான் வினை. பொலிஸில் நடத்திய தமிழ் வகுப்பில் கொஞ்சம் எழுத்துப் படித்தவர். படித்ததை எங்காவது பாவிக்க ஆசை. ஐந்தாவது பலகையைக் குனிந்து விரலால் தொட்டார்.

"ஈ…" என்றார். ழகரம் நாக்கில் ஏறாமல் "ல…" என்றார். பிறகு வாசிக்கவில்லை. கீழே உதிர்ந்து கிடந்த புது மண்ணைப் பார்த்தார். நிமிர்ந்து நவரத்தினத்தாரைப் பார்த்தார்.

"மஹத்தயா, இது என்ன சொல்?"

அவர் முகத்தில் சந்தேகத்தைவிடக் கவலைதான் கூட இருந்தது. பதில் வருவதற்கு முன் அவரே குரலைத் தணித்து ஒரு வழியும் காட்டினார். "அரலிய தானே? நானும் வெசாக் பண்டிகைக்கு அரலியப் பூ பறிக்கிறவன். அரலிய என்று எழுதிவிட்டுப் போகிறேன். சரியா?"

"ஓமெண்டு சொல்லுங்க அண்ணன்" என்று மதிலுக்குப் பின்னாலிருந்து ஒரு கிசுகிசுப்பு வந்தது.

நவரத்தினத்தார் சாட்சிக்கூண்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்போல நிமிர்ந்தார். பிழையற்ற சிங்களத்தில் தொடங்கினார். "அது முழு மொழிபெயர்ப்பு ஆகாது, சார். இந்தச் சொல்லில் இரண்டு பகுதி இருக்கிறது. முதற் பகுதி, ஈழம்." ஈழம் என்றால் இந்த இலங்கைத் தீவு முழுவதற்கும் பழந்தமிழர் வழங்கிய பெயர் என்றும், ஆகவே இது இலங்கையின் அலரி என்றே பொருள்படும் என்றும், இதைவிட நாட்டுப்பற்றுள்ள பூ வேறொன்று இல்லையென்றும் அவர் விளக்கினார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சார்ஜனின் காது முதற் பகுதியிலேயே நின்றுவிட்டது. பெருமூச்சு விட்டார். புத்தகத்தை மறுபடி திறந்து, எழுதியதற்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதினார்.

அந்த வரியின் மொழிபெயர்ப்பு ஏழு கிழமைக்குப் பிறகு தபாலில் வந்தது: மேலதிக விசாரணை தேவைப்படுகிறது.

நவரத்தினத்தார் அகராதிப் பக்கத்தின் பிரதியை இணைத்து நாலு விளக்கக் கடிதங்கள் எழுதினார். பதில் இல்லை. கரண்டி மட்டும் ஒரு நாளும் தவறவில்லை. மண் அவ்வளவு இளகிக் கிடந்தும் மரம் பூத்தது. பிடுங்கிப் போட்டாலும் பூக்கிற சாதி.

ஒரு வியாழக்கிழமை காலை டோரின் வீட்டுக்கு வவுனியாவிலிருந்து ரெலிபோன் கோல் வந்தது. முகாமில் தையல்நாயகிக்குப் பக்கத்துப் பாயில் படுக்கிற பெண். டோரின் ஓடிவந்து நவரத்தினத்தாரைக் கூட்டிக்கொண்டு போனார்.

"ஐயா, அம்மா தவறிட்டா… திரும்பவும் காய்ச்சல் வந்து…"

"தவறிட்டாவோ? என்ன தவறினது? பாஸோ?"

மறுமுனையில் அழுகைதான் கேட்டது. நவரத்தினத்தார் கொஞ்ச நேரம் அதையும் கவனமாகக் கேட்டார். றிசீவரை வைத்துவிட்டு, நீதிமன்றக் குரலில் டோரினிடம் சொன்னார்:

"தவறுறது எண்ட சொல்லுக்கு மூண்டு கருத்து இருக்கு, பிள்ளை. ஒண்டு, கைநழுவிப்போறது. ரெண்டு, பிழைவிடுறது." மூன்றாவதை அவர் மொழிபெயர்க்கவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி, "ரெண்டாவது என்ரை" என்றார்.

அவர் அங்கே போகவும் பாஸ் வேண்டியிருந்தது. உடலை வைத்திருக்க முகாமில் வசதி இல்லை. பகலே காரியம் முடிந்துவிட்டதென்று இரண்டாவது கோல் வந்தது.

அன்று மாலையும் ஐந்தரை ஆனது. பேணியும் கரண்டியும் வந்தன. செவ்வரத்தைக்கு ஒன்று, நந்தியாவட்டைக்கு ஒன்று, மல்லிகைக்கு ஒன்று, பவளமல்லிக்கு ஒன்று. டோரின் மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார். நவரத்தினத்தார் ஐந்தாவது செடியின்முன் குந்தியிருந்து கரண்டியை மண்ணில் குத்தினார். குத்தியது குத்தியபடி நின்றது. மெல்ல எழும்பினார். செருப்பைக் கழற்றி ஒருபக்கமாக வைத்தார். பிறகு அந்த உதிரி மண்ணை, ஒரு கையால் மதிலைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலால் சுற்றிச் சுற்றி மிதித்து இறுக்கினார்.