இறுகாத மூடி

காலர் தைத்தே இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவள் என்பதால் தையல் கூடத்தில் அவளுக்குக் காலர் அக்கா என்றே பெயர். அவளுடைய டிபன் பாக்ஸ் மூடி மகா இறுக்கம் என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மதியம் மணி அடித்ததும் மற்றவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அள்ளிப் போட, அக்கா மட்டும் தலையைக் குனிந்து மூடியோடு மல்லுக்கட்டுவாள்.

உண்மையில் அந்த மூடி சின்னக் குழந்தை தொட்டாலே கழன்று வரும். மல்லுக்கட்டுகிற சாக்கில் அக்கா செய்தது ஜெபம். பாதியில் கட்டிங் மாஸ்டர், "இங்க குடுக்கா" என்று பிடுங்கித் திறந்துவிடுவார். சுலபமாகக் கழன்றதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை; தன் கைபலம் என்று நினைத்துக்கொண்டார். அக்காவின் ஆமென் தொண்டைக்குள்ளேயே நின்றுபோகும்.

வெளிப்படையாகச் செய்தால் என்ன கேடு? மாஸ்டர் நல்ல மனுஷன்தான், ஆனால் அந்த வாய் இருக்கிறதே! பட்டன் தைக்கிற பெண் வந்த புதிதில் கண்ணை மூடி ஜெபித்தாள். "சாப்பாட்டுல விஷமா இருக்கு, இப்படி வேண்டிக்கிற?" என்றார். மேசையே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அன்றிலிருந்து அந்தப் பெண் தன் மெஷின் பக்கத்தில் தனியாகச் சாப்பிட்டாள், அப்போதும் கண்ணை மூடி ஜெபித்துவிட்டுத்தான். ஞாயிறு ஆராதனையில் கணீரென்று பாடுகிற அக்காவுக்குத் திங்கட்கிழமை வாய் வராது. மேசைத் தோழமையை இழக்க மனசில்லை. ஆனால் அன்று தானும் சிரித்த சிரிப்பு உள்ளே முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் மாஸ்டர் புது பாக்ஸோடு வந்தார். "எல்லாருமா சேர்ந்து வாங்கினோம்கா. லேசா அமுக்கினா போதும், தானா திறக்கும். இனிமே மல்லுக்கட்ட வேண்டாம்."

எல்லோர் கண்ணும் அவள் மேல். அமுக்கினாள். டக்கென்று திறந்துகொண்டது. அவர்கள் அன்பை நினைத்தால் வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

"பழைய மூடியும் இறுக்கம் இல்ல மாஸ்டர். நான் ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தேன். சொல்லப் பயந்தேன்."

அக்கா அதோடு நிறுத்தவில்லை. "அந்தப் பொண்ணைப் பார்த்துச் சிரிச்சீங்களே, கூட நானும் சிரிச்சேனே, அவ கும்பிடுற ஆண்டவர்தான் எனக்கும். இனிமே சிரிச்சா என்னையும் சேர்த்துச் சிரிங்க."

பாக்ஸை எடுத்துக்கொண்டு பட்டன் மெஷினுக்குப் போனாள். "கொஞ்சம் தள்ளி உட்காரும்மா." வாய்விட்டே ஜெபித்தாள். குரல் நடுங்கியது, ஆனாலும் ஆமென் வரை போனது.

கண்ணைத் திறந்தால் எதிரே மாஸ்டர், தலையைச் சொறிந்துகொண்டு. "அப்ப நான் திறந்து குடுத்ததெல்லாம்?"

"பாதி ஜெபத்துல பிடுங்கினீங்க."

"பெரிய பயில்வான்னு நினைச்சிட்டேனேக்கா!" கூடம் கொல்லென்று சிரித்தது. மாஸ்டர் பட்டன் பெண்ணைப் பார்த்தார். "அன்னிக்கு நான் பேசினது தப்பும்மா. ரெண்டு பேரும் மேசைக்கு வாங்க."

மாஸ்டருக்கு இன்றைக்கும் ஜெபத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் மணி அடித்ததும் யாராவது அவசரப்பட்டுச் சோற்றில் கை வைத்தால் அதட்டுவார்: "இருப்பா, அக்கா இன்னும் ஆமென் சொல்லல."