எண்பத்தைந்தாம் பக்கம்

என் வீட்டுக்காரர் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பவர். செருப்புக் கடைகள் ஏன் ஒரே தெருவில் ஒட்டி ஒட்டி முளைக்கின்றன என்று இரண்டு வருடம் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு கட்டுரை எழுதினார். தனக்கென்று ஒரு ஜோடி வாங்கவில்லை. கடைகள் கூடினாலும் விலை குறையாது என்பது அவர் முடிவு. ஆய்விதழில் வந்தது, அப்புறம் கிணற்றில் போட்ட கல்தான்.

பதவி உயர்வு வந்தால் பக்கத்துக் கல்லூரிக்கு மாற்றல். தினமும் இரண்டு பஸ் மாறி ஓடுகிற பாடு ஒழியும். அதற்கு, எத்தனை ஆய்வாளர்கள் அவரை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கேட்டார்கள். தேடினால் ஒன்பது பேர். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பது கட்டுரைகளையும் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். கொஞ்ச நேரத்தில் முகம் சுருங்கிவிட்டது.

"ஒன்பதுல எட்டுப் பேர் எண்பத்தஞ்சாம் பக்கம்னு போட்டிருக்காங்க. என் கட்டுரையே அம்பத்தெட்டாம் பக்கத்துல முடிஞ்சிடுது."

முதல் ஆள் ஐம்பத்தெட்டை எண்பத்தைந்து என்று திருப்பிப் போட்டுவிட்டார். மற்றவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள். கடைகள் கூடினால் விலை குறையும் என்று இவர் சொன்னதாக வேறு!

"எண்ணிக்கைதானே கேக்கறாங்க? பேசாம குடுங்க" என்றேன்.

ஒன்பதாவது கட்டுரை ஒரு ஆராய்ச்சி மாணவியுடையது. அவள் மட்டும் நாற்பத்தேழாம் பக்கம் என்று சரியாகக் குறித்திருந்தாள். அங்கே இவர் தோல் செருப்பின் விலையையும் வேறு தெருவின் ரப்பர் செருப்பு விலையையும் ஒப்பிட்டுவிட்டாராம். ஒரே ரகமாக எடுத்தால் விலை குறையத்தான் செய்கிறதாம்.

பழைய தாள்களைக் கிளறிப் பார்த்தார். அவள் சொன்னது சரி. அதாவது, படிக்காமல் எழுதின எட்டுப் பேர் சொன்னதும் சரி. எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை.

மறுநாள் தேர்வுக் குழுவிடம் போய், கட்டுரை தவறு, கணக்கில் சேர்க்காதீர்கள் என்று தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பதவி உயர்வு கைநழுவியது. நான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டார். சண்டை போடப் போகிறார் என்று நினைத்தேன்.

"என் கட்டுரைய முழுசா படிச்சீங்களாம்மா?"

ஸ்பீக்கரில் பயந்த குரல் வந்தது. "மூணு தடவை படிச்சேன் சார். தப்பா நினைச்சுக்காதீங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. போனை நான் வாங்கினேன்.

"சார் சந்தோஷமாத்தான் இருக்காரும்மா. நீ பேசு."