மூன்று குமிழ்கள்

என் பழைய கிட்டார் ஆம்ப்பில் மூன்றே குமிழ்கள்தான் இருந்தன. ஒன்று வால்யூம், ஒன்று கூர்மையான சத்தத்துக்கு ட்ரெபிள், ஒன்று கனத்த சத்தத்துக்கு பேஸ். கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற ஒரு மரப்பெட்டி, உள்ளே ஒரு ஸ்பீக்கர், முன்னால் ஒரு சிவப்பு விளக்கு. மதுரையில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். கிட்டாரைச் சொருகிக் குமிழ்களை நடுவில் வைத்தால் வேலை முடிந்தது. அதற்கு மேல் அதனிடம் எதுவும் கேட்கவும் முடியாது. இருபது வருடம் எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் அதை வைத்துத்தான் வாசித்தேன். விருதுநகரோ திருத்தங்கலோ, எந்த ஊர்த் திருவிழா மேடையானாலும் என் கிட்டார் தொடங்கியதும் பேசிக்கொண்டிருந்தவர்களில் சிலராவது பேச்சை நிறுத்துவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. எனக்கென்று இருந்தது அந்தச் சத்தம் ஒன்றுதான். அதை நானே தொலைத்தேன். தொலைத்த இடம் தெரியாமல் இரண்டு வருடம் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தேன்.

பகலில் எனக்கு ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. லோடு கிளம்புவதற்கு முன் பெட்டிகளில் இருந்து சில வெடிகளை எடுத்துக்கொண்டு போய், கட்டடங்களுக்கு எட்டத்தில் இருக்கும் பொட்டலில் வெடித்துப் பார்க்க வேண்டும். மருந்து குறைவா, கூடுதலா, நமுத்துவிட்டதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். புதிதாக வருகிறவர்களிடம் போர்மேன் என்னைக் காட்டி, "அவுக காதுக்கு ஒண்ணுந் தப்பாது" என்பார். அதைக் கேட்க எனக்கு வெல்லம் தின்றது மாதிரி இருக்கும். கூட நிற்கிறவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். நான் வைக்க மாட்டேன். பஞ்சு வைத்தால் நல்ல வெடியும் சொத்தை வெடியும் ஒன்றுபோலத்தான் கேட்கும் என்று ஒரு வீம்பு. கிட்டார் வாசிக்கிறவன் என்று விரல்களை மட்டும் பொத்திப் பொத்திக் காத்தேன். நீளமான ஊதுபத்தியில்தான் திரியைப் பற்றவைப்பேன், வெடிக்காமல் கிடப்பதைக் கையால் தொடவே மாட்டேன். காதைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை. இப்போது நினைத்தால் என்னை நானே நாலு அறை அறையலாம் போல இருக்கிறது.

சீசன் நாட்களில் வேலை முடிந்து வந்தால் காதுக்குள் கொய்ங் என்று ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் கம்பெனியில் அதை யாரும் நோயாக எண்ணுவதில்லை. சீசன் இரைச்சல் என்போம். தீபாவளி முடிந்தால் போய்விடும் என்பது கணக்கு. ஒவ்வொரு வருடமும் போயும் இருக்கிறது. ஒரு வருடம் தீபாவளி போய், கார்த்திகை போய், தைப்பொங்கலும் வந்துவிட்டது; இரைச்சல் மட்டும் போகவில்லை. அந்த வருடம் ஆர்டர் அதிகம், அதனால்தான் இழுக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பொங்கலை ஒட்டித்தான் என் ஆம்ப் மங்க ஆரம்பித்தது. மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடியது மாதிரி கேட்டது. கம்பிகளை மாற்றினேன். வயரை மாற்றினேன். ரிப்பேர் கடையில் கொடுத்து ஸ்பீக்கரையும் மாற்றினேன். கடைக்காரர் பழைய ஸ்பீக்கரில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னதற்கு, தொழில் தெரியாதவன் என்று அவரைத் திட்டிவிட்டு வந்தேன். அதே மாதம் வீட்டுக் குக்கரின் விசிலும் சரியில்லை என்று வெயிட்டை மாற்றிக்கொண்டு வந்து கொடுத்தேன். "பழசே நல்லாத்தான அடிக்கி. ஒங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றாள் மனைவி. அதையும் சண்டையாக்கினேன்.

ஆம்ப்புக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டி, ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலை வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணாச்சிக்குக் கொடுத்துவிட்டேன். அவர் வீட்டோடு தனக்காக வாசிக்கிறவர். வேலை செய்யாத சாமானைத் தலையில் கட்டுகிறோமே என்று எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகக்கூட இருந்தது.

பிறகு புது ஆம்ப் வாங்கினேன். அதில் என்ன இல்லை? பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு வகை ஆம்ப்பின் குரலிலும் பேசும். எக்கோ, ரிவெர்ப், கோரஸ், டிஸ்டார்ஷன், எல்லாம் உள்ளேயே உண்டு. போனில் ஆப் இறக்கி அதில் இருந்தும் திருகலாம். போதாததற்குக் காலால் மிதிக்கும் பெடல்கள் நான்கு வாங்கி வரிசையாக வைத்தேன். முதல் நாள் அதன் முன்னால் உட்கார்ந்தபோது, தொலைந்த சத்தம் இதற்குள் எங்கேயோ இருக்கிறது, தேடினால் கிடைத்துவிடும் என்று சந்தோஷமாகவே இருந்தது.

அந்தச் சந்தோஷம்தான் என்னைக் கெடுத்தது. மூன்று குமிழ் உள்ள பெட்டியில் பழி போட இடமில்லை. மூன்றையும் திருப்பிப் பார்த்தாயிற்று என்றால், கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டியதுதான். புது ஆம்ப் அப்படி விடாது. இந்த டோன் சரியில்லையா, அடுத்தது இருக்கிறது. அதுவும் சரியில்லையா, உள்ளே போனால் இன்னொரு வரிசை இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதோடு மல்லுக்கட்டினேன். எதை வைத்தாலும் கடைசியில் ட்ரெபிளைக் கூட்டிக்கொண்டே போனேன். ஆம்ப்பில் கூட்டினேன், பெடலில் கூட்டினேன், ஆப்பிலும் கூட்டினேன். நான் வாசிக்க உட்கார்ந்தால் மனைவி பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். என் மேல் உள்ள கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிற கீபோர்டுக்காரர் என்னைவிட இளையவர். ஒரு ஒத்திகையில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "அண்ணே, கொஞ்சம் கூர்மையா இருக்கு. கொறைச்சுக்கிருங்களேன்."

"ஒங்க கீபோர்டு அமுக்குது. நான் என்ன செய்யட்டும்?" என்றேன்.

கொஞ்ச நாளில், எல்லா வாத்தியத்தையும் கலக்கும் மிக்ஸரோடு சேர்க்க வசதியாக இருக்கும் என்று என் ஆம்ப்பை மேடையில் வைக்காமல் நேராக வயர் இழுத்து, எனக்குக் கேட்கக் காலடியில் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்தார்கள். நான் வாசிப்பது தெருவில் கட்டியிருக்கும் பெரிய ஸ்பீக்கர்களில் போகிறது என்றார்கள். நம்பினேன். இரண்டு வருடத் திருவிழாக்கள் அப்படியே ஓடின. இப்போதெல்லாம் யாரும் பேச்சை நிறுத்துவதில்லை என்பதைக் கவனித்தேன். காலம் மாறிவிட்டது, ஜனங்களுக்கு ரசனை போய்விட்டது என்று வீட்டில் வந்து புலம்புவேன்.

போன சித்திரையில் ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. புதுசு எதுவும் ஆகாது, பழைய பெட்டியையே கேட்டு வாங்கிவிடலாம் என்று பஸ் ஏறி ஆலங்குளம் போனேன். அண்ணாச்சி காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு வாசித்துக்கொண்டிருந்தார். என் ஆம்ப் ஒரு ஸ்டூலின் மேல், துடைத்துத் துப்புரவாக இருந்தது. ஆனால் சத்தம் என்னிடம் இருந்தபோது மங்கியதைவிடவும் மோசமாக மங்கியிருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என்ன அண்ணாச்சி, இதையும் கெடுத்து வச்சிருக்கீக?"

"நீங்க குடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு, தம்பி. தங்கமான சாமான்."

அவர் கையில் இருந்த கிட்டாரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பேஸைச் சுத்தமாகக் குறைத்தேன். ட்ரெபிளைக் கொஞ்சம் கூட்டினேன். வாசித்தேன். இன்னும் கூட்டினேன். போர்வை விலகவே இல்லை. குமிழ் இதற்கு மேல் திரும்பாது என்று நின்றது. பலமாக ஒரு தடவை மீட்டினேன். அடுப்படியில் இருந்து அவர் மனைவி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு வந்து நின்றார்.

"ஐயா, நிப்பாட்டுங்க! மண்டைக்குள்ள ஊசி ஏத்துற மாதிரி இருக்கு!"

இருவரும் சேர்ந்து கேலி செய்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தேன். அவரும் தோளை உயர்த்தி ஒரு பக்கக் காதை மறைத்துக்கொண்டிருந்தார். "தம்பி, ட்ரெபிள் முழுசா இருக்கு" என்றார். குமிழ்களைப் பார்த்தேன். வால்யூம் பாதி, பேஸ் ஒன்றுமில்லை, ட்ரெபிள் முழுவதும். அந்தப் பெட்டியில் திருப்புவதற்கு வேறொன்றும் இல்லை. போகவேண்டிய வேறு வரிசையும் இல்லை. குக்கர் நல்ல குக்கர்தான், ரிப்பேர் கடைக்காரர் தொழில் தெரிந்தவர்தான் என்பதெல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. கிட்டாரைக் கீழே வைத்தேன். அவர்கள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, ஆம்ப்பைத் திரும்பக் கேட்காமலே வந்துவிட்டேன்.

ஒன்றரை மாதம் தள்ளிப்போட்டுவிட்டு விருதுநகரில் காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் அழுத்தினேன். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. மிஷின் நின்றுவிட்டதா என்று, சோதனை செய்த பெண்ணைப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் விடாமல் ஏதோ பட்டனை அமுக்கிக்கொண்டே என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மேல் ஸ்தாயிச் சத்தமெல்லாம் போய்விட்டது, கனத்த சத்தம்தான் மிச்சம், போனது திரும்பி வராது என்றார் டாக்டர். காதில் மிஷின் வைத்தால் பேச்சு கொஞ்சம் தெளியும், பாட்டுக்குப் பெரிதாக உதவாது என்றும் சொன்னார். வெடிச் சத்தத்தை விட்டு விலகி இருக்கச் சொன்னார்.

கீபோர்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் அதிர்ச்சியடைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்களுக்குத் தெரியும்ணே. ரெண்டு வருசமா மிக்ஸர்ல ஒங்க சேனல வெளிய கேக்காம மூடித்தான் வச்சிருந்தோம். ஒங்க கிட்ட எப்படிச் சொல்றதுன்னு..." என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு வருடம் வேர்க்க விறுவிறுக்க நின்று, எனக்கு மட்டும் வாசித்திருக்கிறேன். அதுவும் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லும்போது அழுதேன். அவள் பெடல்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு சாக்கில் போட்டுப் பரணில் வைத்தாள். "மொதல்லயே நான் கத்திச் சொல்லிருக்கணும்" என்றாள். அவள் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

மறுநாள் டாக்டர் கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு போர்மேனிடம் போனேன். பொட்டல் வேலை வேண்டாம், பேக்கிங்கில் போடுங்கள் என்றேன். ஆனி பிறந்திருந்தது, சீசன் சூடு பிடித்துவிட்டது. அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்ட மனுஷன் இல்லை, நிஜமாகவே என்னைத் தேற்றத்தான் பார்த்தார்.

"கிட்டார் கேக்கலைன்னா என்ன? வெடி வெடிச்சாக் கேக்குதுல்ல?"

"கேக்குது."

"பெறகென்ன? ஒங்க காது மாதிரி யாருக்கு வரும், சொல்லுங்க. இந்த சீசன் மட்டும் பாத்துக் குடுங்க."

ஒரு பொட்டலம் பஞ்சும் வாங்கிக் கொடுத்தார். எனக்கு வேறு வேலை தெரியாது. பத்தியைப் பற்றவைத்துக்கொண்டு பொட்டலுக்குப் போனேன். பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு திரியில் நெருப்பை வைத்துவிட்டு, பழைய இடத்தில் வந்து நின்றேன். வெடித்தது. மருந்து சரியான அளவு, நல்ல வெடி. பஞ்சையும் மீறி எனக்குத் துல்லியமாகக் கேட்டது.