வேறு குரல் கேட்டதாம்

மூன்று மணி நேரத் தேர்வில் எனக்கு நாற்பத்தொரு நிமிடம்தான் கிடைத்தது. இயக்கவியல் தாள். வீட்டிலேயே கணினிக் கேமரா முன் உட்கார்ந்து, சுழலும் சக்கரக் கணக்கு ஒன்றில் பாதி வந்திருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு மாமனார் எட்டிப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, மூணாவது தறி நின்னு போச்சு. செத்த வந்து பாத்துட்டுப் போ."

ஒரு நொடி திரும்பி, "பரீட்சைங்க மாமா" என்றேன். அவ்வளவுதான். அறையில் வேறு குரல் கேட்டதால் தேர்வு நிறுத்தப்படுகிறது என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அதுவரை பின்கட்டுத் தறிகளின் இரைச்சலைப் பொறுத்துக்கொண்ட கணினிக்கு அந்த ஒரு குரல்தான் குற்றமாகிவிட்டது.

ஜலகண்டாபுரத்தில் எங்களுக்கு எட்டு விசைத்தறிகள். நான் திருமணத்துக்கு முன்பே மின் பொறியியலில் டிப்ளமோ முடித்தவள். மோட்டார் நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதைப் பட்டமாக்க வேண்டும் என்று முப்பத்தாறு வயதில் இணையவழிப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்தேன். இரைச்சலில் ஆசிரியர் பேசுவது கேட்காது. திரையின் அடியில் ஓடும் எழுத்துகளைப் படித்துத்தான் பாடம் கற்றேன்.

மேல்முறையீடு எழுதினேன். வந்தவர் என் மாமனார், எட்டாம் வகுப்பு தாண்டாதவர், எனக்குச் சக்கரக் கணக்கு சொல்லித்தர அவரால் ஆகாது என்று விளக்கினேன். முடிவு இறுதியானது என்று பதில் வந்தது. கீழே ஒரு மனிதரின் பெயர்கூட இல்லை. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

சாப்பிடும்போது கணவர் சொன்னார்: "உட்டுத் தள்ளு. இந்த வயசுல பாஸ் பண்ணி எந்தக் கம்பெனிக்குப் போவப் போற?"

"உங்க மோட்டாரு நின்னா மட்டும் என் படிப்பு வேணுங்களா?"

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். கணினி மீது வந்ததைவிட அதிகக் கோபம் அப்போதுதான் வந்தது.

அடுத்த பருவத்தில் அதே தாள். தேர்வன்று காலை தறிக்கூடத்துக்குப் போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"ஓடுற தறிய ஏஞ்சாமி நிறுத்திப்போட்ட?"

"ஒரு மணி வரைக்கும் ஓடாதுங்க மாமா. யாரும் கதவத் தொடக் கூடாது."

கணவர் வாசலிலேயே நின்றார். நான் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். அந்த அமைதி பழக்கமில்லாததால் முதல் கால் மணி நேரம் எதுவும் ஓடவில்லை. பிறகு எழுதினேன். நல்ல மதிப்பெண்ணோடு தேறினேன்.

ஆனால் மதிப்பெண் பட்டியலில் முதல் முயற்சிக்கு எதிரே 'முறைகேடு' என்ற சொல் இன்னும் இருக்கிறது. நீக்கச் சொல்லி நான்கு முறை எழுதிவிட்டேன், பதில் இல்லை. இப்போது மின்காந்தவியல் படிக்கிறேன். போன வாரம் மாமனார் தாமாகவே வந்து, "அடுத்த பரீட்ச என்னைக்கு சாமி? தறிய நிறுத்தோணுமில்ல" என்றார். தேதியைச் சொன்னேன். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.