ஓடாத மோட்டாரின் இரைச்சல்

என் சித்தப்பாவுக்குத் திருமணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததற்குக் காரணம் அவருடைய ஜாதகம் அன்று, எங்கள் கூடத்தில் எழுந்துகொண்டிருந்த ஓர் இரைச்சல்தான் என்று அம்மா உறுதியாக நம்பினார்.

அடுகோடி என்னும் பகுதியில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டில், தொலைக்காட்சி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இரும்புப் பெட்டிகள் இருந்தன. சிறியது சித்தப்பா தம் கையாலேயே செய்த வால்வு ப்ரீஆம்ப். அதன் தலையில் வால்வுகள் என்னும் நான்கு கண்ணாடிக் குமிழ்கள் ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருக்கும். பெரியது, பழைய பொருள் கடையில் பிடித்து, ஆட்டோவில் மடியிலேயே வைத்து அவர் கொண்டுவந்த பவர் ஆம்ப். பாட்டின் மெல்லிய ஒலியைச் சிறியது பக்குவப்படுத்திக் கொடுக்கும். பெரியது அதற்கு வலுவேற்றி ஸ்பீக்கருக்கு அனுப்பும். தனித்தனியே சோதித்தால் இரண்டும் உத்தமமானவை. சேர்த்து வைத்தால் மட்டும் ‘ம்ம்ம்’ என்று விடாமல் இரைந்தன. சித்தப்பா வால்வுகளை மாற்றினார், கேபிள்களை மாற்றினார், ஒரு வெள்ளிக்கிழமை பெட்டிகளைக் கிழக்குப் பார்க்கவும் திருப்பி வைத்தார். தம்புரா என்று நினைத்துக்கொண்டால் போயிற்று என்றார் அப்பா. சுருதி சேரவில்லையே என்றார் அம்மா.

இந்த நிலையில்தான் ஆனேக்கலிலிருந்து ஒரு பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று. பெண் ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். அவரும் உடன் வருகிறார். பாட்டுக் கேட்பதில் அவருக்கு விருப்பம் உண்டு என்று தரகர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். புதியவர்கள் முன்னால் நான்கு சொற்களைக் கோத்துப் பேசத் தெரியாத சித்தப்பா, தமக்காகப் பெட்டிகளே பேசட்டும் என்று தீர்மானித்தார். பெட்டிகள் பரணுக்குப் போக வேண்டும் என்று அம்மா தீர்மானித்திருந்தார்.

“ஒரே ஒரு தடவை அண்ணி. இரைச்சல் வந்துச்சுன்னா நானே பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடறேன்.”

“பெட்டியப் போட்டுடலாம். போன பொண்ணு திரும்பி வருமா?”

அவர்கள் வரவிருந்த நாள் காலையில், குமிழ்களை வேடிக்கை பார்க்கச் சென்ற நான் சிறிய பெட்டியின் ஓரத்தில் தற்செயலாக விரல் வைத்தேன். இரைச்சல் நின்றது. விரலை எடுத்தேன், வந்தது. சித்தப்பா டெஸ்டரைக் கொண்டுவந்து, பெட்டியில் மின்சாரம் கசியவில்லை என்று இருமுறை உறுதி செய்துகொண்டார். பிறகு, பல நாள் தேடிய உதிரிபாகத்தைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

“கண்ணு, சாயந்திரம் நீ எங்கயும் போயிடாத.”

எனக்கு எட்டு வயது. அதற்குமுன் எவரும் எனக்கு ஒரு பதவி கொடுத்ததில்லை.

மாலையில் வீணை இசை கூடத்தை நிறைத்தது. நான் பட்டுப்பாவாடையில், இடக்கை ஆள்காட்டி விரலைப் பெட்டியின் மேல் வைத்து, கொடிமரம்போல நின்றிருந்தேன். குழந்தை ஏன் அங்கேயே நிற்கிறது என்று பெண்ணின் தாயார் விசாரித்தபோது, “அவளுக்குப் பாட்டுன்னா உசுரு” என்றார் அம்மா, என்னைப் பாராமலே. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, வாழைக்காய் பஜ்ஜி வரும்வரை. ஒரு கையால் தட்டைப் பிடித்தால் மறு கையால்தான் தின்ன முடியும் என்பதைச் சித்தப்பாவின் கணக்கு உள்ளடக்கியிருக்கவில்லை.

விரலை எடுத்தேன். கூடம் முழுவதும் ‘ம்ம்ம்’ என்றது.

பெண்ணின் தந்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். “மோட்டார் போட்டுட்டு மறந்துட்டீங்க ஸ்வாமி! டேங்க் வழியப் போகுது, மொதல்ல ஆஃப் பண்ணுங்க.”

பொய் சொல்லத் தயங்குபவரான அப்பா, எதுவும் சொல்லாமல் எழுந்து, ஓடாத மோட்டாரை அணைக்கக் கீழே இறங்கிப் போனார். அவருடைய காலடி ஓசை படியில் தேய்ந்தபோது, நான் பஜ்ஜியை விழுங்கிவிட்டு விரலை மீண்டும் வைத்தேன்.

“ஹா! இப்பத்தான் நிம்மதி,” என்றார் பெண்ணின் தந்தை. திரும்பி வந்த அப்பாவை நன்றியுடன் பார்த்தார்.

இரண்டாவது பஜ்ஜி சூடு ஆறிக்கொண்டிருந்தது. நானும் மனித உயிர்தானே.

“அய்யோ, மறுபடியும் யாரோ போட்டுட்டாங்க! கீழ்வீட்டுக்காரங்களா?”

அப்பா மறுபடியும் எழுந்தார். சித்தப்பா கண்களை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் பழைய இரும்புக்காரர் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பெண் என் தட்டையும், பெட்டியையும், பெட்டிக்குப் பின்னாலிருந்த கம்பிகளையும் வரிசையாகப் பார்த்தார். தாயார் முந்தானையை இழுத்ததையும் பொருட்படுத்தாமல் எழுந்து வந்து, நான் விரல் வைத்திருந்த இடத்தில் தம் விரலை வைத்தார். இரைச்சல் அடங்கியது.

“நீ போய் உக்காந்து சாப்பிடு. இத நான் பாத்துக்கறேன்.”

பதவி பறிபோன துயரத்தில் நான் மூன்று பஜ்ஜி தின்றேன். சித்தப்பா மெல்ல அவர் அருகில் போய் நின்று வால்வுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அவர் அவ்வளவு பேசி எங்கள் வீட்டில் எவரும் கேட்டதில்லை. இசைத்தட்டு முடிந்தது, இன்னொன்று போடப்பட்டது. அந்தப் பெண் விரலை எடுக்கவே இல்லை. அசட்டுத்தனம் என்று நினைத்தேன். என்னளவுக்கு நேர்த்தியாக நிற்கவும் அவருக்குத் தெரியவில்லை. அடிக்கடி சிரித்தார்.

திருமணமாகி அவர் எங்கள் வீட்டுக்கு வந்த வாரத்திலேயே, விரல் நீளமுள்ள ஒரு கம்பியை எடுத்து, அதன் ஒரு முனையைச் சிறிய பெட்டியின் பின்புறத் திருகாணியிலும் மறுமுனையைப் பெரிய பெட்டியின் திருகாணியிலும் முடுக்கினார். அவ்வளவுதான். அதன்பின் அந்த இரைச்சலை நாங்கள் கேட்கவேயில்லை.

“இது எப்பத் தெரிஞ்சுது சித்தி?”

“அன்னிக்கேதான்.”

தெரிந்திருந்தும் கை கடுக்க அவ்வளவு நேரம் ஏன் நின்றார் என்பது எனக்கு விளங்கவில்லை. அன்று எங்கள் வீட்டில் கம்பி இல்லாமல் போயிருக்கும் என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். சித்தப்பாவின் மேசை இழுப்பறை, மூட முடியாத அளவுக்குக் கம்பிகளால் நிறைந்து, அன்று சித்திக்கு எதிரிலேயே திறந்து கிடந்ததை நான் அப்போது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.